104, 71: ஒரு பக்கவாத நோயாளியின் இரண்டு எண்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் நோயாளி ஒரே ஆள் இல்லை. ஏறக்குறைய ஒரே கதையோடு வரும் பலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன். அவருடைய அளவுகளும் அப்படிப்பட்டவர்களிடம் பார்க்கக்கூடியவைதான். இடையில் வரும் ஆய்வு முடிவுகள் மட்டும் வெளியானபடியே இருக்கின்றன.

வந்த விதம்

58 வயது ஆண். வலக்கைப் பழக்கம். கணக்கு எழுதும் வேலை. காலையில் எழுந்து சட்டைப் பொத்தானைப் போடப் போனால் வலது கை ஒத்துழைக்கவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. முந்தைய இரவு பத்து மணிக்கு நன்றாகத்தான் படுக்கப் போயிருந்தார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது நண்பகல். அதாவது நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்து 14 மணி நேரம் ஆகியிருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக வைத்திருக்கும் நாலரை மணி நேர எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. வலது கையிலும் முகத்தின் வலப்பக்கத்திலும் பலவீனம், பேச்சில் தடுமாற்றம். பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும் என்.ஐ.எச். அளவுகோலில் 5 மதிப்பெண். ரத்த அழுத்தம் 168/96.

ஒன்பது ஆண்டாக ரத்த அழுத்தம், ஆறு ஆண்டாகச் சர்க்கரை. இருபது ஆண்டு புகைபிடித்து, நாலு ஆண்டுக்கு முன் நிறுத்தியிருந்தார். இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய பட்டியல். அவருடைய மனைவி பிறகு சொன்னதுதான் முக்கியம். கடந்த பத்து நாளில் மூன்று முறை இதே மாதிரி நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே வலது கை, அதே வார்த்தைத் தடுமாற்றம், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். மூன்றுமே காலையில், அழுத்த மாத்திரை போட்டுவிட்டு எழுந்து நடமாடத் தொடங்கும் நேரத்தில். "தூக்கம் பத்தலைன்னு நினைச்சோம் டாக்டர்" என்றார்.

வந்து போகும் இந்த மாதிரித் தாக்குதல்கள் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால், ஓரிடத்தில் நிலையாக இருக்கும் சுருக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் கட்டி இன்று ஒரு கிளைக்குப் போகும், நாளை வேறொன்றுக்குப் போகும். ஒரே இடத்தைத் தேடித் தேடிப் போவது அபூர்வம். அதிலும் அழுத்தம் இறங்கும் நேரம் பார்த்து வருகிறதென்றால், சுருங்கிய குழாய்க்கு அப்பால் உள்ள மூளைப்பகுதி கிடைக்கும் ரத்தத்தை வைத்து எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கழுத்து சுத்தம்

சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. எம்.ஆர்.ஐ.யில் இடது மூளையின் ஆழத்தில், வெள்ளைப் பகுதிக்குள், மணி கோத்தது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு தமனிகளின் பாசன எல்லைகள் சந்திக்கும் இடம் அது. கால்வாயில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான், மூளையிலும் அப்படியே. இதய எக்கோ, ஒரு நாள் முழுக்க எடுத்த இ.சி.ஜி. பதிவு இரண்டிலும் குறை இல்லை.

அவர் முதலில் போன இடத்தில் கழுத்துத் தமனிகளை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் எடுத்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். பொய்யும் இல்லை: எங்கள் படத்திலும் கழுத்துத் தமனிகளில் மெல்லிய படிவுதான் இருந்தது. ஆனால் கழுத்து டாப்ளர் கழுத்தைத்தான் பார்க்கும். மண்டையோட்டுக்குள் நுழைந்த பிறகு அந்தக் குழாய்க்கு என்ன ஆனது என்பதை அது சொல்லாது. மூளைக்குள் இருக்கும் பெரிய தமனிகளின் சுருக்கம் உலக அளவில் பக்கவாதத்தின் மிகப் பரவலான காரணங்களில் ஒன்று. ஆசிய, ஆப்பிரிக்க, ஹிஸ்பானிக் வம்சாவளியினரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்படியிருந்தும் "கழுத்து சுத்தம், இதயம் சுத்தம், காரணம் தெரியவில்லை" என்று முடிக்கப்பட்ட கோப்புகளை இன்றும் பார்க்கிறேன்.

71 வந்த கதை

எம்.ஆர்.ஐ. என்ற காந்தப் படத்திலேயே மூளைத் தமனிகளைப் பார்த்தபோது இடது நடுப் பெருமூளைத் தமனியின் முதல் பகுதியில் ஓரிடத்தில் குழாயே காணவில்லை. அப்பால் மறுபடி தெரிந்தது. பயிற்சி மருத்துவர் முழு அடைப்பு என்று எழுதப் போனார். சாயம் செலுத்தாமல், ரத்த ஓட்டத்தை மட்டும் வைத்து எடுக்கும் காந்தப் படம் சுருக்கத்தை மிகைப்படுத்தும். குறுகலில் ரத்தம் சுழித்துப் பாயும்போது சமிக்ஞை காணாமல் போய்விடும். அதனால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தோம். நன்றாக இருந்த பகுதியில் குழாயின் விட்டம் 2.8 மில்லிமீட்டர், மிகக் குறுகிய இடத்தில் 0.8.

கணக்கு எளிது. 0.8-ஐ 2.8-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 71 சதவீதம் சுருக்கம். ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் மருந்துகளான வார்ஃபரினையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான வாசிட் ஆய்வு பயன்படுத்திய முறை இது, இன்றும் இதுவே வழக்கம். 70 சதவீதம் என்பது ஒரு கோடு. அந்த ஆய்வில் 70-க்கு மேல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அதே குழாயின் பகுதியில் மறுபடி பக்கவாதம் வரும் ஆபத்து ஓர் ஆண்டில் ஏறக்குறைய 18 சதவீதமாக இருந்தது. அதற்குக் குறைவாகச் சுருங்கியவர்களுக்கு ஆபத்து பாதியைவிடவும் குறைவு.

சரி, ஆனால் இந்த 71-ஐ எவ்வளவு நம்பலாம்? சி.டி. படத்தின் ஒரு புள்ளியே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கும். 0.8 என்று நான் அளந்ததை இன்னொருவர் 1.0 என்று அளந்தால் சுருக்கம் 64 ஆகி, ஆள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். நோயாளியின் தமனியில் எதுவும் மாறியிருக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கொழுப்பு படியும்போது தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கும். உள்வழி அப்படியே இருக்கும், சுவர் மட்டும் தடித்துக்கொண்டே போகும். இதயத் தமனிகளில் இதை கிளாகோவ் என்ற நோயியலாளர் 1987-இல் காட்டினார். மூளைத் தமனிகளும் இதையே செய்கின்றன. ஆஞ்சியோகிராம் உள்வழியை மட்டும் பார்ப்பதால், சுருக்கமே காட்டாத தமனியிலும் ஆபத்தான படிவு இருக்கலாம். அதனால் சுவரையே படம்பிடிக்கும் உயர்துல்லிய எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் தடித்த படிவு, சாயம் செலுத்தியதும் அது பிரகாசமாக ஒளிர்ந்தது. சுற்றிலும் சீராகத் தடித்திருந்தால் குழாய் அழற்சியை நினைத்திருப்போம். ஒரு பக்கமாகத் தடித்து ஒளிர்வது, உள்ளே அழற்சியோடு கொதித்துக்கொண்டிருக்கும் கொழுப்புப் படிவின் அடையாளம்.

104 வந்த கதை

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை: மொத்தக் கொலஸ்ட்ரால் 172, எச்.டி.எல். 31, டிரைகிளிசரைடு 186, எல்.டி.எல். 104. எல்லாமே ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். எல்.டி.எல். என்பது தமனிச் சுவரில் படியும் 'கெட்ட' கொலஸ்ட்ரால், எச்.டி.எல். 'நல்ல' கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. ஆய்வகத் தாளில் எல்.டி.எல்.லுக்குப் பக்கத்தில் 130-க்குக் கீழ் இருந்தால் இயல்பு என்று அச்சாகியிருந்தது. மகன் தாளைக் காட்டிக் கேட்டார்: "கொலஸ்ட்ரால் நார்மல்தானே சார், அப்புறம் எப்படிக் கொழுப்பு அடைச்சிருக்கும்?"

நியாயமான கேள்வி. இந்த 104 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில், யாரும் இந்த 104-ஐ அளக்கவில்லை. கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது 1972-இல் வந்த ஃபிரீடுவால்ட் சூத்திரம். 172-இல் 31 போய், 37 போனால் 104. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு தடுமாறும், 400-ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது. இவருக்கு 186, ஆகவே பெரிய பிழை இருக்காது. ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் டிரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைந்திருக்கும்போது, எல்.டி.எல். துகள்கள் சிறியதாகவும் அடர்த்தியாகவும் மாறிவிடுகின்றன. ஒவ்வொரு துகளும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைவு, ஆனால் துகள்களின் எண்ணிக்கை அதிகம். சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது துகள்தான். சரக்கை எடை போட்டுவிட்டு வண்டிகளை எண்ணாமல் விட்டால் எப்படி? வண்டிகளை எண்ண அப்போ-பி என்ற பரிசோதனை இருக்கிறது, ஒரு துகளுக்கு ஓர் அப்போ-பி. அது கைக்கு எட்டாவிட்டால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தாலே ஓரளவு தெரியும். இவருக்கு அது 141. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது நிம்மதி தரும் எண் அல்ல.

அடுத்தது, ரத்தம் எடுத்த நாள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய தாக்குதலுக்குப் பிறகு உடலின் அழற்சி எதிர்வினையில் சில நாட்களுக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியிருக்கும். வந்த அன்றே எடுத்திருந்தால் 104-ஐவிடக் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது பழைய கோப்பில் கிடைத்தது. மூன்று ஆண்டுக்கு முன் அவருடைய எல்.டி.எல். 148. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் 92-க்கு இறங்கியது. 'நார்மல்' ஆகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பது அவருக்கே நினைவில்லை. காய்ச்சல் போனால் மாத்திரையை நிறுத்துவதுபோல் இயல்பாகத் தோன்றியிருக்கிறது. 92 என்பது மாத்திரையோடு சேர்ந்த எண் என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

அப்படியென்றால் கொலஸ்ட்ராலுக்கும் மூளைத் தமனிச் சுருக்கத்துக்கும் நேரான தொடர்பு இருக்கிறதா? நோயாளிகள் எதிர்பார்ப்பதுபோல இல்லை. 2007-இல் 61 ஆய்வுகளைச் சேர்த்து, ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேரின் தரவுகளை அலசிய தொகுப்பில், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடக்கூட மாரடைப்பு மரணம் தெளிவாகக் கூடியது. பக்கவாத மரணத்தோடு அப்படி ஒரு தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. பலரைக் குழப்பிய முடிவு அது. ஆனால் பக்கவாதம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, பல நோய்கள் வந்து முடியும் இடம். இதயத்திலிருந்து வரும் கட்டிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தம் குறைவு. ரத்தக்கசிவு எதிர்த்திசையில் போகிறது: மூன்றரை லட்சம் அமெரிக்க ஆண்களைப் பின்தொடர்ந்து 1989-இல் வெளியான முடிவில், மொத்தக் கொலஸ்ட்ரால் 160-க்குக் கீழ் இருந்தவர்களிடம் மூளைக்குள் ரத்தம் கசிந்து இறப்பது அதிகமாக இருந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் பெரிய தமனிகளில் படியும் கொழுப்பின் கதை அதற்குள் மறைந்துபோகும்.

மூளைத் தமனியும் தனி ரகம். மற்ற தமனிகளின் சுவரில் இருக்கும் வெளி மீள்படலம் என்ற இழுபடும் சவ்வு அதற்கு இல்லை, வெளியுறை மெல்லியது, சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் பெரும்பாலும் இல்லை. உள் மீள்படலம் தடிப்பாக இருந்து ஓரளவு பாதுகாக்கிறது. அதனால் கழுத்துத் தமனியிலோ இதயத் தமனியிலோ படிவதற்குப் பல ஆண்டு கழித்துத்தான் இங்கே கொழுப்பு படியத் தொடங்கும். அந்தப் பாதுகாப்பைக் குலைப்பதில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பெரிய பங்கு உண்டு. குறைந்த எச்.டி.எல்., கூடிய டிரைகிளிசரைடு, இன்சுலின் எதிர்ப்பு, தொப்பை ஆகியவை சேர்ந்து வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு, மூளைக்குள் சுருக்கம் உள்ளவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. இவருடைய தாளில் நட்சத்திரக் குறி போட்டிருந்தவை எச்.டி.எல்.லும் டிரைகிளிசரைடும்தான். எல்லாருடைய கண்ணும், என் கண்ணும் சேர்த்து, முதலில் போனது எல்.டி.எல். வரிக்கு.

இரண்டாம் நாள் இரவு

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவில் நடந்தது இது. வீட்டில் போட்டுவந்த அழுத்த மாத்திரைகளை அப்படியே தொடரும்படி சேர்க்கைக் குறிப்பில் எழுதியிருந்தோம். இரவு ரத்த அழுத்தம் 112/70-க்கு இறங்கியது. செவிலியர் கூப்பிட்டபோது வலது கையைத் தூக்கவே முடியவில்லை, பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. புதிய பக்கவாதம் என்று எல்லோரும் பதறினோம். தலையணையை எடுத்துவிட்டுப் படுக்கையைச் சமமாக்கி, சலைன் ஏற்றி, மாத்திரைகளை நிறுத்தினோம். அழுத்தம் 150-ஐத் தொட்டதும் அரை மணியில் கை மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. மறுபடி எடுத்த படத்தில் புதிதாக இரண்டு புள்ளிகள் மட்டும் சேர்ந்திருந்தன. 112/70 வேறொருவருக்கு அழகான அளவு. 0.8 மில்லிமீட்டர் வழியே தள்ளப்பட வேண்டிய ரத்தத்துக்கு அது போதவில்லை. வீட்டில் வந்த மூன்று தாக்குதல்களும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன, நாங்கள் கேட்டும் காதில் வாங்கவில்லை.

ஸ்டென்ட் ஏன் இல்லை

இதயத்துக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) வைக்கிறார்கள், இதற்கும் வைத்துவிடலாமே என்று குடும்பம் கேட்டது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2011-இல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வில் 70 முதல் 99 சதவீதச் சுருக்கமும் அண்மையில் பக்கவாதமோ தற்காலிகத் தாக்குதலோ உள்ள 451 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 30 நாளுக்குள் பக்கவாதம் அல்லது மரணம்: ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம், தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5.8. அதனால் புதிதாக ஆள் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். நடுப் பெருமூளைத் தமனியின் முதல் பகுதியிலிருந்து தலைமுடி போன்ற கிளைகள் மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. ஸ்டென்ட் படிவை அழுத்தும்போது பிதுங்கும் கொழுப்பு அவற்றின் வாயை அடைத்துவிடலாம். 2022-இல் சீனாவில் கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம், அனுபவமுள்ள கைகளால் செய்து பார்த்த ஆய்விலும் ஸ்டென்ட் கூடுதல் பலன் தரவில்லை. பலூனால் முழுதும் விரிக்காமல் கொஞ்சம் மட்டும் விரிக்கும் முறைக்கு 2024-இல் அங்கிருந்தே நம்பிக்கையான முடிவு வந்திருக்கிறது. அந்தக் கதவை நான் மூடிவிடவில்லை. ஆனால் இவர் மருந்துச் சிகிச்சையை முறையாக ஒரு முறைகூட எடுத்துப் பார்க்காதவர். அங்கிருந்து தொடங்குவதே சரி என்று முடிவு செய்தோம்.

கொடுத்ததும் கண்டதும்

ஆஸ்பிரினும் ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெல்லும் சேர்த்து 90 நாள், பிறகு ஆஸ்பிரின் மட்டும். அட்டோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம். ரத்த அழுத்தத்தை அவசரமில்லாமல், சில வாரங்களில் 140-க்குக் கீழே கொண்டுவருவது. சர்க்கரைக்கு மருந்து மாற்றம், தினமும் நடை.

80 மில்லிகிராம் என்ற அளவு 2006-இல் வந்த ஸ்பார்க்கிள் ஆய்விலிருந்து வருகிறது. அதில் 4,731 பேர். ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் மறுபடி வந்தது ஸ்டாடின் குழுவில் 11.2 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 13.1. ரத்தக்கசிவு வகைப் பக்கவாதம் மட்டும் 33-க்கு எதிராக 55 என்று ஸ்டாடின் பக்கம் கூடியிருந்தது. இதனால்தான் தொடங்கும் முன் எம்.ஆர்.ஐ.யில் பழைய நுண்கசிவுகள் இருக்கின்றனவா என்று தேடினோம். இல்லை. எந்த எண் வரை இறக்குவது என்பதற்கு 2020-இல் பிரான்சும் தென் கொரியாவும் சேர்ந்து நடத்திய ஆய்வு வழி காட்டியது. கொழுப்புப் படிவு உள்ள பக்கவாத நோயாளிகளில் எல்.டி.எல்.லை 70-க்குக் கீழ் வைத்தவர்களுக்குப் பெரிய ரத்தக்குழாய் நிகழ்வுகள் 8.5 சதவீதம். 90 முதல் 110 வரை விட்டவர்களுக்கு 10.9. ஆக, மகன் இயல்பு என்று காட்டிய 104, அந்த ஆய்வில் தோற்ற பக்கத்தின் அளவு. ஆய்வகத் தாளில் அச்சாகும் எல்லை பக்கவாதம் வராதவர்களுக்கானது.

ஆறாவது வாரம் எல்.டி.எல். 72. கூடவே ஒரு புகார்: தொடை வலிக்கிறது, மாத்திரைதான் காரணம், நிறுத்தட்டுமா? தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் தசை நொதி சாதாரணமாக இருந்தது. ஸ்டாடினால் பக்க விளைவு வந்து நிறுத்தியவர்களுக்கே ஸ்டாடினையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த சாம்சன் ஆய்வில், ஸ்டாடின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. அதற்காக வலி கற்பனை என்று அவரிடம் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. ஏற்கெனவே ஒரு முறை நிறுத்தியவர். வாதாடி வென்றால் வீட்டுக்குப் போய் மறுபடி நிறுத்திவிடுவார். ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக இறங்குவது ஆறு சதவீதம்தான், ஆகவே பாதியாக்கினால் இழப்பதும் கொஞ்சம்தான். 80-ஐ 40 ஆக்கி, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தோம். வலி குறைந்தது. மூன்றாம் மாதம் எல்.டி.எல். 62, எச்.டி.எல்.லைக் கழித்த மொத்தம் 91, எச்பிஏ1சி 6.9.

இடையில் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, மூளையே கொலஸ்ட்ராலால் ஆனது, அதைக் குறைத்தால் மறதி வராதா என்று கேட்டார். உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ மூளையில் இருப்பது உண்மை. ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் போகும் எல்.டி.எல். ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி அங்கே சேர்வதில்லை. தமனிச் சுவரில் படிவது வேறு கணக்கு. இதைப் படம் வரைந்து காட்டியதும் ஏற்றுக்கொண்டார்.

ஓர் ஆண்டு கழித்து மறுபடி சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தோம். குறுகிய இடம் 1.1 மில்லிமீட்டர், சுருக்கம் 61 சதவீதம். 71 எப்படி 61 ஆனது என்று குடும்பம் பூரித்துப் போனது. முன்பே சொன்னபடி ஒரு புள்ளியின் அளவே அரை மில்லிமீட்டர். 0.3 வித்தியாசத்தை வைத்துக் கொழுப்பு கரைந்துவிட்டது என்று நான் எழுதித்தர மாட்டேன். சுவர்ப் படத்தில் அந்தப் படிவு முன்புபோல ஒளிரவில்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் நம்பிக்கை தந்தது. அது அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை.

இப்போது பதினெட்டு மாதம் ஆகிறது. புதிய தாக்குதல் எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் 130-ஐ ஒட்டி இருக்கிறது, காலை மாத்திரையை இரவுக்கு மாற்றியிருக்கிறோம். வலது கையெழுத்து பழைய வேகத்துக்கு வரவில்லை. களைத்துப்போனால் சில பெயர்கள் வாய்க்கு வரத் தாமதமாகின்றன. அறிகுறி வராதவரை மறுபடி படம் எடுப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். போன முறை வந்தபோது மகன் தன் ரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுவந்திருந்தார். வயது 31, எல்.டி.எல். 128, எச்.டி.எல். 34, பக்கத்தில் இயல்பு என்று அச்சாகியிருந்தது எல்.டி.எல். வரியில் மட்டும். இந்த முறை எச்.டி.எல். வரியைத்தான் முதலில் சுட்டிக் காட்டினார்.